கொடியில் காய்ந்த சட்டை

விசாரணைக்குப் போனால் வாசலிலேயே பாதி ரிப்போர்ட்டை மனதுக்குள் எழுதிவிடுவேன். வருவாய் ஆய்வாளராக எனக்கு அப்படி ஒரு கர்வம். கெடார் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அது ஒழிந்தது. புதிதாக ஆர்.ஐ. வேலைக்கு வருகிறவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரோக்கியமேரி என்ற பெண் ‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்று சான்று கேட்டு மனு போட்டிருந்தார். பள்ளிச் சத்துணவில் சமையல் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சான்று இருந்தால் முன்னுரிமை. நான் விசாரணைக்குப் போனதற்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. களை எடுக்கப் போயிருந்தார். கொடியில் ஆம்பளைச் சட்டையும் கைலியும் காய்ந்தன. வாசலில் ஆண் செருப்பு. எனக்கு அது போதும். ‘கணவருடன் வசிக்கிறார், பரிந்துரைக்கவில்லை’ என்று ஆன்லைனில் ஏற்றிவிட்டேன்.

தள்ளுபடி என்று போனில் மெசேஜ் போனதும், மறுநாள் மதியம் அவர் விழுப்புரம் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

“சார், அந்த ஆளு திண்டிவனத்துல வேற குடும்பம் பண்ணிக்கினு இருக்கான். ஆறு வருஷமா இந்தப் பக்கமே வர்ல.”

“அப்ப சட்டை யாருதும்மா?”

“அவன் உட்டுட்டுப் போனது. நானும் பொண்ணும்தான் இருக்கறோம். ஆம்பள இல்லாத ஊடுன்னா கதவத் தட்டறானுங்க சார். அதான் வாரம் ஒருக்கா நனைச்சிக் காயப் போடறேன். எங்க தெருவுல இன்னும் ரெண்டு ஊட்ல அப்பிடித்தான்.”

தள்ளுபடியை மாற்றத் தாசில்தாரால்தான் முடியும். அவர் விக்கிரவாண்டி பக்கம் ஆய்வுக்குப் போயிருந்தார். போன் போட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. அந்தம்மா வராந்தாவில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

தாசில்தார் வரும்போது மணி ஐந்தரை.

“நேத்து புருஷனோட இருக்கான்னு எழுதினீங்க. இன்னிக்கு இல்லேங்கறீங்க. புது மனு போடச் சொல்லுங்க. திண்டிவனம் போய் அந்த ஆளுகிட்ட நேர்ல எழுதி வாங்கிக்கினு வாங்க” என்றார்.

போனேன். வாங்கினேன். பத்து நாளில் சான்றும் வந்தது. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. சான்றை நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

“அடுத்த தடவ ஆள் எடுக்கற வரைக்கும் இது செல்லுமா சார்?” என்று கேட்டார்.

எப்போது எடுப்பார்கள் என்று எனக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது. கொடியில் அன்றைக்கும் அந்தச் சட்டை ஈரமாகத் தொங்கியது.

ஓய்வு பெறும்வரை, பூட்டின வீட்டைப் பார்த்து அதற்குப் பிறகு ஒரு வரிகூட நான் எழுதவில்லை.