பேய்க்குகை வாசலில் முனியப்பன் படம்

எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் இருந்த பேய்க்குகையைப் பற்றி இன்றும் ஆட்கள் விசாரிக்கிறார்கள். வாழப்பாடிப் பக்கம் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், அதை மட்டும் மூடாமல் இருந்திருக்கலாம் என்பார்கள். செல்போன் வந்ததால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது என்று ஒருவர், தண்ணீர்ச் சறுக்கு வந்து கூட்டத்தை இழுத்துவிட்டது என்று இன்னொருவர். நானும் தலையாட்டி வைப்பேன். உண்மையைச் சொல்ல இத்தனை வருஷமாக எனக்குத் துப்பில்லை.

நான் அங்கே மேலாளராக இருந்தேன். குகை என்பது ஒரு இருட்டுக் கொட்டகை; உள்ளே தண்டவாளம், நாலு பேர் உட்காரும் பெட்டி. அதை ஓட்டியவர் சேலம் டவுனிலிருந்து வந்துபோன கிறிஸ்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்பேன். பெட்டி வளைவில் திரும்பும் சத்தத்தை வைத்தே எலும்புக்கூட்டை விழவைப்பார், ஈரச் சாக்கைப் பிள்ளைகள் கழுத்தில் உரசவிடுவார். வெளியே வந்தவர்கள் அலறலும் சிரிப்புமாக மறுபடி வரிசையில் போய் நிற்பார்கள்.

ஒரு தடவை திருச்செங்கோட்டுக் குழந்தை ஒன்றுக்கு, வந்துபோனதிலிருந்து மூன்று நாள் காய்ச்சல். தாய் திரும்பி வந்து, "ஏனுங்க, எம்புள்ளைய என்னமோ புடிச்சிருச்சுங்க" என்று அழுதாள். பேச்சு பரவிவிடுமே என்று எனக்குப் பதற்றம். பெரிய மூளைக்காரன் மாதிரி, முனியப்பன் படம் ஒன்றை வாங்கிக் குகை வாசலில் மாட்டி, பூசாரியை அழைத்துப் பூசையும் போட்டேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மறுநாளிலிருந்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் ஏறினார்கள். இருட்டுக்குள் கும்பிட்டபடி போனார்கள். அலறல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குக் கூட்டம். அன்றைக்குக் கறி எடுக்காத வீடு எது? முனியப்பனுக்கே கிடா வெட்டுகிற ஊர்தான். ஆனாலும் கறி தின்ற வாயோடு சாமி முன்னால் போகக் கூடாதென்று, பிரியாணித் தூக்கோடு வந்தவர்கள் படத்தைப் பார்த்ததும் ஒதுங்கினார்கள்.

மூன்று மாதத்தில் பெட்டி காலியாக ஓடியது. படத்தை எடுத்தே ஆகவேண்டும். எனக்குக் கை வரவில்லை, வேலையாட்களும் கிட்டே போகவில்லை. அப்போதுதான் என் புத்தி கேவலமாக வேலை செய்தது.

"நீங்க எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. உங்களுக்கு இது சாமி இல்லீங்களே" என்றேன்.

 அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். படத்தை இறக்கி, தூசி துடைத்து, தன் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அவருக்கு அது சாமி இல்லை என்று சொன்ன நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை.

அந்த வாரமே பெட்டி தடம் புரண்டது. ஒருவருக்கும் அடியில்லை, சக்கரத்தில் ஒரு போல்ட் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் சாமி மேல் கைவைத்ததால் வந்த வினை என்று வேலையாட்கள் குகைக்குள் நுழைய மறுத்தார்கள். முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து, படத்தை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

 நான் சொல்வேன் என்று அண்ணன் காத்திருந்தார். நான் குனிந்து சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினேன்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் எடுத்தேன்" என்றார்.

அன்றைக்கே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பரிகாரப் பூசை நடந்தது, வேலையாட்களும் சமாதானமானார்கள். ஆனால் வேறு யார் ஓட்டினாலும் பெட்டி கடந்துபோன பிறகுதான் எலும்புக்கூடு விழுந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். கடைசியில் கொட்டகையைப் பூட்டினோம். நான் அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அங்கேயே மேலாளர்.

குகை பிழைத்திருக்குமா என்று கேட்கிறார்கள். பிழைத்திருக்கும். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அவர் இருந்திருப்பார், என் வேலை போயிருக்கும். பூங்காவுக்கு வேறு மேலாளர் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.