பனிக்கரையில் சங்கிலியின் மறுமுனை

2007 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜெர்மனியில் நான் படிக்கும் ஆஹெனிலிருந்து கோட்டிங்கன் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. சைபீரியாவின் வடகரையை நடந்தே அளந்த பழைய ரஷ்ய நில அளவையாளர் ஒருவரின் குறிப்பேடு, ஜெர்மன் நகலாக அங்கே ஒரு காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் கரை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. அந்த அளவுகளை நம்பலாமா என்று திங்கட்கிழமை பேராசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ப முடியாது என்றால் பாதி ஆய்வு போச்சு, மார்ச்சோடு உதவித்தொகையும் நிற்கும்.

காலை 5.20 ரயில். என் கஞ்சத்தனத்தால் விரைவு வண்டியை விட்டுவிட்டு, ஹம்மிலும் கஸ்ஸலிலும் மாறி, 330 கிலோமீட்டரைக் கடந்து 11.15க்குப் போய்ச் சேர்ந்தேன். நீங்களாவது அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். நிலையத்திலிருந்து பேருந்துக்கு 1.70 யூரோ.

வாசிப்பறையில் நானும், பெட்டிகளை எடுத்துத் தரும் இலங்கை மன்னார்க்கார அண்ணனும் மட்டும்தான். என் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேசினார்.

குறிப்பேட்டில் தினமும் திசை, நிலமளக்கும் இரும்புச் சங்கிலியால் எத்தனை சங்கிலி தூரம், அதன் முன்முனை பிடித்தவர் பெயர், பின்முனை பிடித்தவர் பெயர். போனது இரண்டே பேர், அளவையாளரும் உதவியாளும். ஒரு பக்கத்தில், ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி உதவியாள் இறந்துவிட்டதாகவும் கல் அடுக்கி மூடியதாகவும் இரண்டு வரி. மறுநாள் மறுபடி கிழக்கு, 212 சங்கிலி. பின்முனையில் அதே செத்தவர் பெயர். பதினொரு நாள் இப்படியே.

 திருச்சியில் படித்தபோது நானே சங்கிலி பிடித்திருக்கிறேன். பின்னால் ஒருவர் முனையை அழுத்திக்கொண்டு நின்றால்தான் முன்னால் இருப்பவர் இழுத்துக் குறி வைக்க முடியும். ஒற்றை ஆள் முளையடித்தும் அளக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து அவிழ்க்க வேண்டும். நாளுக்குப் பாதித் தூரம்கூடத் தேறாது. இங்கே தூரம் குறையவே இல்லை. அண்ணனிடம் காட்டினேன். ஊரில் கரைவலை இழுத்தவராம்.

"வலைக்கு ரெண்டு கயித்திலயும் ஆக்கள் வேணும் தம்பி. ஒருத்தரால ஏலாது," என்றார்.

அந்த அளவையாளர் கூடாரத்தில் உட்கார்ந்து கதை விட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பதினொரு நாள் தொடங்குவதும் முடிவதும் பாறை முனைகளில். பாறை நகராது. மடிக்கணினியில் செயற்கைக்கோள் படத்தை வைத்து அளந்து பார்த்தேன். வித்தியாசம் மூன்று சங்கிலிகூட இல்லை. இரண்டு பேரும் உயிரோடு இருந்த நாட்களில்தான் பிழை அதிகம்.

மூன்று முறை அளந்தேன். கழற்றியிருந்த ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியெண்டு நீங்கள் கையெழுத்து வைப்பீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு வாரம் முன்பே கடிதம் போடுங்கள். பென்சிலும் மடிக்கணினியும் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள்.

திங்கட்கிழமை, அந்தப் பதினொரு நாளைச் சேர்க்க முடியாது, அது இல்லாமல் மீதிக் கரையும் இணையாது என்று எழுதிக் கொடுத்தேன். சொன்னபடியே உதவித்தொகை நின்றது. அளவு தப்பா என்று பேராசிரியர் கேட்டார். தப்பாக இருந்திருந்தால் திருத்திச் சேர்த்திருப்பேன் என்றேன்.