திக்லிபூர் செல்விக்குச் சேர வேண்டிய படம்

காலை நான்கு மணிக்குப் போர்ட் பிளேயரிலிருந்து பேருந்து புறப்பட்டது. திக்லிபூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பன்னிரண்டு மணி நேரப் பயணம். கட்டணம் நானூற்றைம்பது ரூபாய். என் மடியில், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பலகை.

"என்ன தாத்தா, டிவியா? சாமானெல்லாம் மேல போடணும்," என்றார் நடத்துநர்.

"டிவி இல்லப்பா. ஒரு குழந்தையோட படம்."

"குழந்தைன்னா அதுக்கும் டிக்கெட் லகேகா, எடுக்கணும்!" என்று இந்தி கலந்து சிரித்தவர், மடியிலேயே விட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு ஜிர்காட்டாங் சோதனைச் சாவடி. காட்டுச் சாலையில் வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். காத்திருந்த நேரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டே தேநீர் குடித்தேன். இந்தப் படம் என்னுடையது அல்ல.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் நான் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் எழுத்தராக இருந்தேன். கிரேக்க நாட்டு ஓவியர் ஒருவரின் பாய்மரப் படகு பழுதாகி அங்கே நின்றது. அதே வாரம் திக்லிபூர் கப்பலுக்காக ஒரு தமிழ்க் குடும்பம் நான்கு நாள் கொட்டகையில் காத்துக் கிடந்தது. பெற்றோரும் அண்ணனும் டிக்கெட் வரிசையில் நின்ற பொழுதுகளில், அவர்களுடைய ஆறு வயது மகளை ஓவியர் தேயிலைப் பெட்டிப் பலகையில் வரைந்தார். அவர் நாட்டுத் தேவாலயச் சுவர்களில் இருப்பதுபோல நேரே பார்க்கும் பெரிய கண்கள். ஆனால் கன்னம் பச்சை, கழுத்து செங்காவி. இடது காதை வரையாமலே விட்டிருந்தார்.

கப்பல் வந்தபோது வண்ணம் காயவில்லை. அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லி ஓவியர் என்னிடம் ஒப்படைத்தார். தீவுகளில் அது வழக்கம். பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தால் கப்பலில் போகிற யாராவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், ரசீது கிடையாது. 'செல்வி, காளிப்பூர், திக்லிபூர்' என்று பின்புறம் எழுதியது என் கைதான்.

காயட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இறுக மூடிய அந்த வாயைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன துக்கமோ" என்றாள் என் மனைவி. ஒரு கப்பல் போனது. இன்னொன்றும் போனது. இரண்டு மாதம் கழித்துச் செல்வியின் அப்பா அலுவலகத்துக்கு வந்து, "சார், வெள்ளைக்காரர் தன்னை வரைஞ்சாருன்னு பாப்பா சொல்றா, படம் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "அப்படி எதுவும் வரலையே. வெள்ளைக்காரன் யாரையும் வரைஞ்சதா எனக்குத் தெரியாது."

ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போனபோது படமும் வந்தது. சென்ற ஆண்டு மனைவி இறந்தாள். அதன்பின் அந்தக் கண்களோடு தனியாக இருக்க என்னால் முடியவில்லை.

ரங்கத்தில் மீன் சாப்பாடு, நூற்றைம்பது ரூபாய். மாயாபந்தர் தாண்டியதும் பாக்குத் தோப்புகள். மாலை நாலேகாலுக்குத் திக்லிபூர். காளிப்பூருக்கு ஆட்டோ பிடித்து, செல்வி என்று ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டேன்.

"படக்காரி செல்வி அக்காவா? எல்லாருக்கும் தெரியுமே! இங்க யாராச்சும் பெருசா அளந்து விட்டா, 'உன்னையும் வெள்ளைக்காரன் வரைஞ்சானா'ன்னுதான் கேப்போம்," என்றான் ஓட்டுநர்.

நாற்பத்திரண்டு வயதுப் பெண் முற்றத்தில் பாக்கு அள்ளிக்கொண்டிருந்தார். வேட்டியைப் பிரித்தேன். அவர் கை துடைத்துக்கொண்டு வந்து, வெகுநேரம் பார்த்தார்.

"முன்பல்லு விழுந்திருந்துச்சு," என்றார். "அதான் வாயைத் திறக்கவே இல்ல. அந்த ஆளு எவ்வளவோ கோமாளித்தனம் பண்ணிக் காட்டினாரு."

முப்பத்தாறு ஆண்டுகள் அதைத்தான் துக்கம் என்று நினைத்திருந்தோம்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். செல்வி கார் நிக்கோபாரில் வேலை பார்க்கும் அண்ணனைக் கைபேசியில் அழைத்து, படத்தைக் காட்டினார். "தேக்கோ, பாரு! இப்ப சொல்லு, யாரு ஜூட்டி? நானா பொய் சொன்னேன்?"

"அரே, இது நீயா? ஆந்தை மாதிரி இருக்கு!" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு குரல் தாழ்ந்தது. "அன்னிக்குப் பொய் சொல்றேன்னு அப்பா உன்னை அடிச்சப்ப நானும் சிரிச்சேன், செல்வி."

கைபேசியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "மன்னிச்சேன்னு சொல்ல வரல சார். நான் பொய் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டே அப்பா செத்துட்டாரு. அவரு பாத்திருக்கணும்."

"ஆமாம்மா," என்றேன்.

இரவு விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்குப் போனேன். செல்வி அங்கே நின்றிருந்தார். கையில் துணிப் பொட்டலம். மேலே பேனாவால் 'ரேணு, ஃபீனிக்ஸ் பே' என்று எழுதியிருந்தது.

"என் பொண்ணு. அங்க டிக்கெட் கவுண்டர்ல இருக்கா. வறுத்த மீனும் ஊறுகாயும். குடுத்துடுவீங்கல்ல?"

வண்டி கிளம்பும்வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பொட்டலத்தை மேலே போடச் சொன்ன நடத்துநருக்கு நான் இணங்கவில்லை. பன்னிரண்டு மணி நேரமும் அது என் மடியில் இருந்தது.

ஃபீனிக்ஸ் பேயில் நேராகக் கவுண்டருக்குப் போனேன். அதே பெரிய கண்கள். "பிரிச்சு, எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கம்மா," என்றேன்.

"எதுக்கு அங்கிள்? அம்மா உங்ககிட்ட குடுத்து விட்டதுதானே," என்று சொல்லி, பிரிக்காமலே உள்ளே வைத்துக்கொண்டாள்.

திருச்சி வீட்டுச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வந்த ஆளிடம், அந்தச் சுவரை விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.