வெளியே பூட்டிய வீடு

அப்பாவுக்குக் காது கேட்காது என்று சொன்னால் பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் இரையும் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் நின்றார். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மில்லை மூடியபோது தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மணிக்கொரு தடவை அடிக்கும் கடிகாரம். அம்மாவும் நானும்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் தீ எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில் பொறியாளர். மில், மருத்துவமனை, அடுக்குமாடி என்று போய், வரைபடத்தில் புகை டிடெக்டர் எங்கே, மணி எங்கே, ஆட்கள் வெளியேறும் வழி எங்கே என்று குறிப்பது என் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன் மண்டபத்தின் கதவுகளை எண்ணிவிடுவேன்.

இந்த வேலையில் எனக்கு வந்த பெரிய சண்டை ஒரு மில்லின் பெண்கள் விடுதியில்தான். அவிநாசிக்குப் போகும் வழியில் இருந்தது அந்த மில். ஷிப்ட் முடித்துத் தூங்கும் பெண்களை உள்ளே வைத்து வார்டன் வெளியே பூட்டிக்கொண்டு போவார். நான் கேட்டதற்கு, "பாதுகாப்புக்குத்தானுங்க மேடம். வயசுப் புள்ளைங்க" என்றார். அந்தப் பூட்டைப் பற்றி என் அறிக்கையில் முக்கால் பக்கம் எழுதினேன். கடுமையாகவே எழுதினேன். பூட்டிய கதவு கதவே அல்ல, சுவர் என்று ஒரு வரி. அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

வீட்டிலும் பாதுகாப்புக்குத்தான் பூட்டினோம்.

அது தொடங்கியது ஒரு கேஸ் சிலிண்டரால். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவியின் அடியில் ஓடும் செய்தி வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார். எவனோ உள்ளே வந்து, சமையலறையில் இருந்த முழுச் சிலிண்டரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே தரையில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. சிலிண்டர் போட வந்த ஆள் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் வெளியே போனால் முன்கதவுக்கு வெளியே இருக்கும் சிட்-அவுட்டின் கிரில் கேட்டை வெளிப்புறம் பூட்டிக்கொண்டு போவது வழக்கமாயிற்று. உள்ளே பூட்டிக்கொள்ளச் சொன்னால், திரும்பி வரும்போது மணியடித்தாலும் அவருக்குக் கேட்காது. வெயிலில் நிற்க வேண்டும். ஒரு சாவி மட்டும் இருந்தது. யார் கடைசியாகக் கிளம்புகிறார்களோ அவர்கள் கையில்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வாசல்தான். ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி. பின்கதவு என்று ஒன்று இருந்ததை, வாஷிங் மெஷின் வைக்க இடமில்லாமல் ஆணியடித்து மூடியிருந்தோம்.

போன வருடம் என் வேலையை வீட்டில் செய்து பார்த்தேன். பதினான்கு வரிப் பட்டியல். ஹாலில் ஒரு புகை டிடெக்டர். அதோடு சேர்ந்து பளிச்பளிச்சென்று மின்னும் ஒரு வெள்ளை விளக்கு. தூங்கும்போது தெரிவதற்காக அப்பாவின் தலையணைக்குக் கீழே அதிரும் வட்டத் தகடு ஒன்று. கரண்ட் போனாலும் வேலை செய்ய பேட்டரி. அடுப்புக்குப் பக்கத்தில் தீயணைப்பான், அதுவும் வயதானவர் கை தூக்கக்கூடிய சிறியது. பட்டியலின் ஒன்பதாவது வரி: ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேலே போட்ட துணியை எடுக்க வேண்டும். அதைப் பற்றி அம்மாவிடம் மூன்று முறை பேசினேன்.

"தூசு படியுமல்ல கண்ணு. நீ தொடைக்கப் போறியா?"

நான் துடைக்கப் போவதில்லை. அந்த வரியை விட்டுவிட்டேன்.

அந்த விளக்கு அம்மாவுக்கு ஒரு வேடிக்கை. மிளகாய் தாளித்தாலே மின்னும். பக்கத்து வீட்டு அக்காவிடம், "உங்க அண்ணனுக்கு என்ற மக டிஸ்கோ லைட்டு மாட்டி உட்டுருக்கறா. இனி ஆடறதுதான் பாக்கி" என்பார்.

அப்பா ஆடவில்லை, பயிற்சி செய்தார். டிடெக்டரில் சோதனைப் பொத்தானை அழுத்துவேன். எழுந்து, ஈரத்துண்டை மூக்கில் கட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, குனிந்தபடி முன்கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். நான் கைப்பேசியில் நேரம் பார்ப்பேன். ஐம்பது நொடிக்குள் வாசலில் நிற்பார்.

"மில்லுல வருசா வருசம் செஞ்சதுதான கண்ணு. பஞ்சுல தீப் புடிச்சா அம்பது செகண்டு கூடக் கெடைக்காது."

அந்தப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் நான் வீட்டில் இருந்தேன். ஆகவே ஒவ்வொரு முறையும் கேட் திறந்திருந்தது. பட்டியலில் 'வெளியேறும் வழி: முன்வாசல்' என்ற வரியில் சரி என்று குறி போட்டிருக்கிறேன். நீல மையில்.

அன்றைக்குக் கோயிலில் அறுப்பின் பண்டிகை. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அம்மா காணிக்கைக்குக் கத்தரிக்காயும் பூசணியும் ஒரு கூடையில் அடுக்கி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்பா கோயிலுக்கு வருவதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. பிரசங்கம் கேட்பதில்லை, காதுக்கருவி போட்டால் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் மண்டைக்குள் போகிறது என்றார். காலை இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். நான் கைப்பை, தண்ணீர் பாட்டில், குடை என்று எண்ணியபடி வெளியே வந்தேன். கேட்டைச் சாத்திப் பூட்டினேன். ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். சரியாகப் பூட்டியிருந்தது.

ஆராதனையில் கைப்பேசியை ஊமையாக்கிப் பைக்குள் வைப்பது எங்கள் வழக்கம். வெளியே வந்து பார்த்தபோது பதினொரு அழைப்புகள். எல்லாம் எங்கள் தெருமுனையில் வண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரர் எண்.

நடந்ததை நான் பிறகு இஸ்திரிக்காரர் சொன்னதையும் அப்பா சொன்னதையும் சேர்த்து வரிசைப்படுத்திக்கொண்டேன். ஸ்டெபிலைசர் சூடாகி மேலே கிடந்த துணி பற்றியது. அதிலிருந்து ஃபிரிட்ஜின் பிளாஸ்டிக் உறை, அதிலிருந்து திரைச்சீலை. புகை எழுந்த உடனே டிடெக்டர் உணர்ந்தது. விளக்கு மின்னியது. தலையணை அதிர்ந்தது. அப்பா எழுந்தார். ஈரத்துண்டு கட்டினார், மெயினை அணைத்தார், குனிந்து நடந்து முன்கதவைத் திறந்தார். எதிலும் ஒரு பிழை இல்லை. நான் பொருத்திய எல்லாமே வேலை செய்தது. சிட்-அவுட்டுக்கு வந்து கிரில்லைத் தள்ளினார்.

அங்கே இருபது நிமிடம் நின்றிருக்கிறார். பின்னால் ஹாலில் இருந்து புகை திறந்த கதவு வழியாக அவர் மேல்தான் வந்துகொண்டிருந்தது. கதவைத் திரும்பச் சாத்தினார்; மேல் ஜன்னல் வழியாக வந்தது. கம்பியோடு முகத்தை அழுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினார்.

அவர் கத்தியது கேட்கவில்லையா என்று இஸ்திரிக்காரரிடம் கேட்டேன்.

"கேட்டுதுங்க அம்மணி. நல்லாவே கேட்டுது. அவுரு எப்பவும் சத்தமாத்தான பேசுவாரு. அம்மாகூடச் சண்டையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன். அப்புறம் புகை ஓட்டுக்கு மேல வந்துச்சுங்க."

ஆம், அப்பா எப்போதும் கத்தித்தான் பேசுவார். தன் குரல் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. தெருவே அதற்குப் பழகிவிட்டது. இஸ்திரிக்காரர் ஒரு கருங்கல்லை எடுத்துவந்து பூட்டை உடைத்திருக்கிறார். நல்ல பூட்டு. ஏழெட்டு அடி தாங்கியதாம்.

அப்பா உயிரோடு இருந்தார். நுரையீரலில் புகை. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். பெருசு டீ போட்டுவிட்டு அடுப்பை மறந்துவிட்டது. ஒரு பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அப்பா ஏதோ தலையணை மாதிரி, அவருக்கு மேலாக அம்மாவிடம் பேசினார்.

"காதும் இல்ல, இப்ப நெனப்பும் இல்லையாட்ட இருக்குது. இனி அடுப்புப் பக்கம் உடாத. பூட்டி வெச்சதே நல்லதாப் போச்சு. இல்லீனா இந்த மனுசன் எங்க போயி நின்னிருப்பாரோ."

அப்பா ஆக்சிஜன் முகமூடியை இறக்கினார்.

"அடுப்பு இல்லீங்க. ஃபிரிட்ஜு" என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

பெரியம்மா திடுக்கிட்டார். ரிங் ஃபிரேம் கூடத்தில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நாற்பதடி தூரத்தில் மேஸ்திரி யாரைத் திட்டுகிறார் என்பதுகூடத் தெரிந்துவிடும். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அவர்கள் இத்தனை வருடமாக அவர் முன்னால் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்களில் ஓரிருவர் யார் பூட்டியது என்று கேட்டார்கள். "நாந்தான்" என்றார் அம்மா. நான் பேசாமல் இருந்தேன். என் வேலை என்னவென்று வந்தவர்களுக்குத் தெரியும். அம்மா அதை நினைத்துத்தான் சொன்னார். நானும் அதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன்.

நான்காம் நாள் வார்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் என் உதட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"சாவி யாருகிட்ட இருந்துது?"

"எங்கிட்டங்கப்பா."

"செரி" என்றார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆட்டோ நின்றது, ஹார்ன் அடித்தது, வழக்கம், சிலிண்டர் திருட்டு. காது கேட்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் முதுகிடமாவது பேசலாம். காது கேளாதவர் திருப்பிக்கொண்டால் பேச்சு முடிந்துவிட்டது. அவர் தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். தொடவில்லை.

வீடு வெள்ளையடித்தாயிற்று. பின்கதவின் ஆணிகளைப் பிடுங்கி வாஷிங் மெஷினை மாற்றினேன். கேட்டுக்கு உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கும் பூட்டு போட்டேன். அதற்கும் அம்மாவிடம் மூன்று நாள் வாதம். "அப்ப திருடன் வந்தா?" "வரட்டுமுங்கம்மா." மணிப் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள் விளக்கு எரியும்படி இணைத்தேன். அதன் விலை ஒரு புடவை விலைகூட இல்லை. சிலிண்டர் போன மறுநாளே அதைச் செய்திருக்கலாம். செய்திருந்தால் வெளியே பூட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. மற்றவர்கள் கட்டடத்தில் என்றால் அரை மணி நேரத்தில் எனக்குத் தோன்றியிருக்கும்.

எல்லாவற்றையும் அப்பாவுக்குச் செய்து காட்டினேன். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். "நல்லா இருக்குது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் புடவை கட்டி முடிப்பதற்குள் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தெருவில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அன்றிலிருந்து அவர் வீட்டில் தனியாக இருப்பதில்லை. அம்மா ரேஷன் கடைக்குப் போனால் ரேஷன் கடைக்கு. புதன்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனால் அந்த வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு. இருமிக்கொண்டே வருகிறார். வரவேண்டாம் என்று சொன்னால் நம் உதட்டைப் பார்ப்பதில்லை.

கோயிலில் எல்லோருக்கும் ஆச்சரியம். அம்மா ஒரு ஞாயிறு முன்னால் போய் சபையைப் பார்த்து நின்று சாட்சி சொன்னார்.

"ரெண்டு வருசமா கோயிலுக்கு வராத மனுசன். ஆண்டவரு அந்தத் தீயைக் கொண்டு அவர இழுத்துக்கிட்டாருங்க. இன்னைக்கு எங்களுக்கு முன்னாடி அவரு கெளம்பி நிக்கறாரு. ஸ்தோத்திரம்."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அம்மா பொய் சொல்லவில்லை. அப்படி நம்பவில்லை என்றால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கடைசிப் பெஞ்சில் இருந்து அம்மாவின் உதட்டைக் கடைசி வார்த்தை வரை பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

கடைசிப் பெஞ்சில், கதவை ஒட்டிய இடம்தான் அவருக்கு வேண்டும். எங்கள் கோயிலில் இப்போது ஏசி வைத்திருக்கிறார்கள். பிரசங்கம் தொடங்கும்போது, வாசலில் நிற்கும் பெரியவர் கதவைச் சாத்துவார். அப்பா எழுந்து திறப்பார். அவர் மறுபடி சாத்துவார். இவர் மறுபடி திறப்பார். போன வாரம் அந்தப் பெரியவர் குனிந்து என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஏசி ஓடுதல்லங்க. அப்பாகிட்டக் கொஞ்சம் சொல்லக் கூடாதுங்களா?"

"கதவு தெறந்தே இருக்கட்டுமுங்க. கமிட்டில நான் பேசிக்கறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். காற்றில் சாத்திக்கொள்ளக் கூடாதே என்று ஒரு காலி நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்பாவைப் பார்த்து, சரிதானே என்பதுபோல் தலையசைத்தேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு செருப்பில்லாத தன் வலது காலை நீட்டி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். ஆராதனை முடியும் வரை எடுக்கவில்லை.