பேண்ட்ரிக்குப் போன கப்பல் அழைப்புகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, எங்கள் அலுவலகத்தில் இருந்த அறுபது தொலைபேசிகளையும் ஒரே கட்டளையில் ஊமையாக்கினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முதலாளி சொன்னதைத்தான் செய்தேன். கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

இன்று கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஃபயர்வால் என்கிறார்கள், நேட் என்கிறார்கள். வெளியே ஒரே முகவரி, உள்ளே நூறு முகவரி; யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்று ஒரு பட்டியல். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எண்பதுகளின் நடுவில் நான் இதையேதான் தொலைபேசியில் செய்துகொண்டிருந்தேன். தவறுகளும் இதே தவறுகள்தான்.

1. எட்டு லைனும் ஒரு பாட்டும்

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் நிறுவனம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், கயிறு, பெயிண்ட் என்று எல்லாம் கொடுப்போம். கப்பல்காரர் ஃபோனில் சொல்வார், நாங்கள் லாரியில் அனுப்புவோம். நான் டெலிபோன் ஆபரேட்டர். ரெஜினா என்றால் யாருக்கும் தெரியாது. "ஆபரேட்டர்" என்றால் பாதி துறைமுகத்துக்குத் தெரியும்.

பழைய போர்டை எடுத்துவிட்டு பி.ஏ.பி.எக்ஸ் என்று ஒரு தானியங்கி இயந்திரம் வைத்தார்கள். இரும்பு அலமாரி மாதிரி இருக்கும். வெளியுலகத்துக்கு எங்கள் எண் ஒன்றுதான்; அந்த ஓர் எண்ணில் எட்டு லைன். உள்ளே அறுபது எக்ஸ்டென்ஷன். வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்த எக்ஸ்டென்ஷனுக்குத் தள்ளுவது என்று ஒரு பட்டியல் இயந்திரத்துக்குள் இருந்தது. உள்ளிருந்து யார் எங்கே பேசலாம் என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் மாற்ற, மாடி அறையில் ஒரு டெர்மினல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஒரு கட்டளையை டைப் செய்து என்டர் தட்டினால் உடனே நடக்கும். "நிச்சயமாகவா?" என்று அது கேட்காது.

மூன்று நாள் பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். மற்ற எல்லாரும் போக மாட்டேன் என்றார்கள்.

வம்பு ஒரு பாட்டால் வந்தது. காலை பத்து மணிக்கு வானொலியில் நேயர் விருப்பம். பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சையில் தேறிய நாள் என்று ஃபோன் செய்து சொன்னால் பெயரைப் படித்துப் பாட்டுப் போடுவார்கள். பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே எங்கள் எட்டு லைனும் வானொலி நிலையத்தைப் பிடிக்கப் போய்விடும். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவருக்கு அந்த ஆண்டில் மட்டும் நான்கு பிறந்தநாள் வந்தது.

திங்கட்கிழமை ஒரு கிரேக்கக் கேப்டன் டாக்ஸி பிடித்து நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. ஒரு மணி நேரமாக ஃபோன் செய்திருக்கிறார், எங்கேஜ்டாகவே இருந்திருக்கிறது. கையில் கொண்டுவந்த லிஸ்டை மேசையில் அடித்து வைத்தார். கப்பல் மறுநாள் மாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது, சாமான் வந்து சேராவிட்டால் இனி வேறு கடைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி அமீன் பாய் கோபத்தில் சத்தம் போட மாட்டார், மெதுவாகப் பேசுவார். அன்று காதை அருகில் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ரெஜினா, அந்த ரேடியோ நம்பரை அடைச்சிடும்மா."

"போன மாசமே அடைச்சிட்டேன் முதலாளி. நம்ம ஆளுங்க அந்த ஸ்டேஷனோட வேற நம்பரைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"அப்ப எல்லாத்தையும் அடைச்சிடு. வேணுங்கறதை மட்டும் ஒண்ணொண்ணா திற."

யோசனை சரியான யோசனை. இன்றும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். செய்த விதத்தில்தான் கோளாறு.

2. பார் ஆல்

வீட்டில் உட்கார்ந்து கட்டளைகளை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் அவசரத்தில் எழுத்தை மாற்றிப் போடுவேன் என்று பயம். முதல் வரி "பார் ஆல்". எல்லாவற்றையும் அடை என்று அர்த்தம். அதற்குக் கீழே, திறக்க வேண்டியவை முப்பது வரி.

காலையில் நோட்டை முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பார், ஆள்... எந்த ஆளைப் பார்க்கணும்?"

"அது இங்கிலீஷ் முதலாளி."

"ஓ. சரி சரி, செய்யி."

மாடிக்குப் போனேன். டெர்மினலில் இருக்கும்போது கீழே என் மேசையில் யாரும் இருக்க மாட்டார்களே, அழைப்பு வந்தால் என்ன செய்வது? மாடி அறை ஃபோனுக்கு எண் 220. வெளி அழைப்பெல்லாம் சற்று நேரம் 220-க்கு வரட்டும் என்று கட்டளை கொடுத்தேன். கொடுத்ததாக நினைத்தேன். விரல் அடித்தது 202.

அடுத்து "பார் ஆல்". என்டர்.

திரை அப்படியே நின்றது. கர்சர் கண் சிமிட்டவில்லை. எந்தக் கீயைத் தட்டினாலும் அசையவில்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அந்த டெர்மினலும் ஓர் எக்ஸ்டென்ஷன் வழியாகத்தான் இயந்திரத்தோடு பேசுகிறது. எல்லாவற்றையும் அடை என்றேன். அது என்னையும் சேர்த்து அடைத்துவிட்டது. திறக்க வேண்டிய முப்பது வரியும் நோட்டில் இருந்தன. நான் வெளியே இருந்தேன்.

ஃபோனை எடுத்தேன். டயல் டோன் இல்லை. கீழே ஒவ்வொரு மேசையாக "ஹலோ, ஹலோ" என்று சத்தம் கிளம்பியது. பத்து மணி ஆகப்போகிறது. நேயர் விருப்பத்துக்காகத்தான் அந்தக் கலவரம் என்று சொல்லவும் வேண்டுமா?

இயந்திரம் விற்ற கம்பெனியின் என்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அதற்கும் ஃபோன் வேண்டும். பின் படிக்கட்டு வழியாக இறங்கி, சந்து முனைக் காப்பிக்கடைப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். என்ஜினியர் டான் சீனர், நிதானமானவர். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யூ சேவ் ஆர் நாட்?"

"நாட் யெட்."

"வாவ், லக்கி லா! யூ ஆஃப், தென் ஆன். ஓல்டு லிஸ்ட் கம் பேக்."

சேவ் கட்டளை கொடுக்காதவரை மாற்றமெல்லாம் இயந்திரத்தின் தற்காலிக நினைவில்தான். அணைத்துப் போட்டால் மறந்துவிடும். எனக்கு உயிர் வந்தது. வெளியிலிருந்து அழைப்பாவது உள்ளே போகிறதா என்று பார்க்க, இன்னொரு பத்துக் காசு போட்டு எங்கள் எண்ணையே சுழற்றினேன். மணி அடித்தது; நான் அடைத்தது உள்ளிருந்து பேசுவதைத்தான், வெளியிலிருந்து வருவதை அல்ல. எடுத்தார்கள்.

"ஹலோ, பேண்ட்ரி. எத்தனை கப்பு?"

பரிமளம் அக்கா! அலுவலகத்துக்குக் காப்பி, தேநீர் போடுபவர். ஊரின் வடக்குக் கோடியில் இருக்கும் மார்சிலிங்கிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பேண்ட்ரி ஃபோனின் எண் 202.

"அக்கா, நான்தான் ரெஜினா..."

"ரெஜினாவா? எங்கம்மா போன நீ? பத்து நிமிஷமா கப்பல்காரனுங்க எல்லாம் என்கிட்டயே பேசறானுங்க. லைனை வை, ஆள் வெயிட் பண்றான்!"

வைத்துவிட்டார். நான் வேலை செய்யும் நிறுவனத்தின் ஃபோனிலேயே எனக்கு இடமில்லை.

3. நாற்பது கிலோ பூண்டு

திரும்பி ஓடிப் பேண்ட்ரிக்குள் நுழைந்தபோது அக்கா ஒரு கையில் ரிசீவரும் மறு கையில் பென்சிலுமாக நின்றார். காப்பி ஆர்டர் எழுதும் சின்ன நோட்டில் கப்பல் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவருக்குத் தெரிந்த முறையில்தான் எழுதியிருந்தார். "நார்வே கப்பல், பெயிண்ட் 6, கோசோங்" என்று ஒரு வரி. சர்க்கரை இல்லாத காப்பிக்குத்தான் கோசோங் என்போம்.

"பெயிண்ட் எப்படிக்கா கோசோங்?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "கலர் வேணாமாம். வெறும் வெள்ளை."

லைனில் இருந்தது அந்தக் கிரேக்கக் கப்பலின் சமையல்காரர். இந்தோனேசியர். அக்காவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. இருவரும் பல நாள் பழகியவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதி, கேப்டன் கொண்டுவந்து கொடுத்த லிஸ்டில் 'பாவாங்' நாற்பது கிலோ என்று இருந்திருக்கிறது. மலாயில் பாவாங் என்றால் வெங்காயம். கூடவே ஒரு சொல் சேர்த்தால் பூண்டு. சமையல்காரருக்கு வேண்டியது வெங்காயம். எங்கள் குமாஸ்தா டைப் செய்து கப்பலுக்கு அனுப்பிய நகலில் இருந்தது பூண்டு.

அக்கா அதைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். "நாப்பது கிலோ பூண்டா? கப்பல்ல எல்லாருக்கும் வாயுத் தொல்லையா?"

அந்தப் பூண்டு மூட்டைகள் அப்போது கீழே லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கிடங்குக்குச் சொல்லலாம் என்றால் உள் ஃபோன் செத்துக் கிடக்கிறது. அந்தச் சமயம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ மெதுவாகச் சொல்ல வாயைத் திறந்தார்.

அக்கா முந்திக்கொண்டார். "முதலாளி, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. கீழ போயி பூண்டை இறக்கச் சொல்லுங்க. வெங்காயம் நாப்பது ஏத்தணும். சீக்கிரம் லா, லாரி கிளம்பிடும்!"

பதினைந்து ஆண்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அமீன் பாய் ஒரு கணம் நின்றார். பிறகு படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையோடு லாரியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். டிரைவர் சாமிக்கண்ணு ஹாரனை அடித்துவிட்டு, அடித்தது யாருக்கு என்று தெரிந்ததும் கீழே குனிந்துகொண்டார்.

இயந்திரத்தை அணைத்தால் வெளி அழைப்பும் அறுந்துபோகும். "அக்கா, ரெண்டு நிமிஷம் லைனை நிறுத்தணும்" என்றேன். "இரு, கொரியாக்காரன் வர்றான்" என்றார். பேண்ட்ரி வாசலில் காப்பிக்கு நிற்பது போல் கால் மணி நேரம் நின்றேன். மூன்று கப்பல் முடிந்த பிறகுதான் உத்தரவு கிடைத்தது.

அணைத்தேன். பத்து எண்ணினேன். போட்டேன். திரையில் கர்சர் சிமிட்டியபோது கும்பிட்டேன். பழைய பட்டியல் அப்படியே இருந்தது.

4. அதன் பிறகு

வெங்காயம் இரண்டு மணிக்கே கப்பலில் ஏறிவிட்டது. கேப்டன் புறப்படுமுன் ஃபோன் செய்தார். இம்முறை நான் எடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, காலையில் சமையல்காரரிடம் பேசிய சேல்ஸ் மேனேஜர் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். 202-க்குத் தள்ளினேன்.

மறுநாள் முதலாளி பரிமளம் அக்காவை ஆர்டர் பிரிவுக்கு வரச் சொன்னார். அக்கா சம்மதித்தார், ஆனால் பேண்ட்ரியை விட்டு நகர மாட்டேன் என்றார். ஆர்டர் பிரிவில் அவர்களே போட்டுக்கொள்ளும் காப்பியை அவர் குடித்துப் பார்த்திருந்தாராம். ஆகவே புதிதாக இரண்டாவது வெளி எண் ஒன்று வாங்கி, அதை நேராக 202-க்குத் திருப்பிவிட்டேன். கப்பல் சமையல்காரர்கள் எல்லாரும் அந்த எண்ணிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து எங்கள் ஆர்டரில் பிழை வரவில்லை என்று சொல்லமாட்டேன்; பூண்டில் மட்டும் வரவில்லை.

அடைக்கும் வேலையை வியாழக்கிழமை மறுபடி செய்தேன். முதலில் டெர்மினலின் எக்ஸ்டென்ஷனுக்கு வழி. அடுத்து என்ஜினியர் டானின் எண்ணுக்கு வழி. பிறகு முப்பது வரி. எல்லாவற்றுக்கும் அடியில் "பார் ஆல்"; முன்பே எண் சொல்லித் திறந்ததை அது தொடாது. ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் விரல் வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அரை நாள் ஓடவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகே சேவ் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நிறுவனங்களில் எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்துவிட்டேன். கட்டளைகள் மாறின, திரையின் நிறம் மாறியது. என் பழக்கம் மாறவில்லை. எதையாவது அடைக்கும் முன் நாற்காலியை விட்டு எழுந்து, டெர்மினலின் வயர் எங்கே போகிறது என்று கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்ப்பேன். பார்த்தவர்கள் எலி தேடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் உட்கார்ந்திருக்கும் கிளையை நானே ஒரு தடவை வெட்டிப் பார்த்தவள்.