பேசாமல் இருபது நிமிடம்

"ஏம்மா ஷ்யாமளா, இது எதுக்கு?" என்று கேட்டபடியே டாக்டர் ஜலஜா பைக்குள் கையை விட்டு ரைஸ் குக்கரை வெளியே தூக்குகிறார். எடை பார்க்கும் கருவியின் முள் முப்பத்தெட்டரை பவுண்டிலிருந்து முப்பத்து மூன்றுக்கு இறங்குகிறது. ஆப்பிரிக்காவில் ஏறப்போகும் சின்ன விமானத்தில் ஒருவருக்கு அவ்வளவுதான் அனுமதி.

"அங்க கரன்ட் இருக்கும்ல ஆன்ட்டி?"

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். நீ சாதம் வடிச்சா வாசனைக்கு யானை வரும். இலை போட்டுப் பரிமாறுவியா?"

அடுத்த பை வசந்தாமணியுடையது. அதிலிருந்து ஒரு கிளிப்பச்சைச் சுடிதார் வெளியே வருகிறது. "சிங்கம் என்ன, கல்யாணத்துக்கா கூப்பிட்டிருக்கு?"

ஜலஜாவுக்கு வயது ஐம்பத்து மூன்று, உயரம் ஐந்தடி. கல்லூரிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் ஒரே காக்கிச் சட்டை. அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்து, அருகிலுள்ள கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறார். ஒவ்வொரு ஜூலையிலும் ஆறு பேரைத் தான்சானியாவின் ஒரு பள்ளத்தாக்குக்குப் பன்னிரண்டு நாள் அழைத்துப் போகிறார். ஆறு பேருக்கும் அது சுற்றுலா. அவருக்கு அது கழுதைப்புலிக் கணக்கெடுப்பு. 1989 முதல் 1997 வரை ஒன்பது ஆண்டுகள், ஓர் ஆண்டுகூட விடாமல் எண்ணியிருக்கிறார். உடம்பிலுள்ள புள்ளிகளை வைத்தே அறுபத்தொரு கழுதைப்புலிகளை அவருக்குத் தனித்தனியாக அடையாளம் தெரியும். "என் நாத்தனாரை ஏர்போர்ட்ல கண்டுபிடிக்க முடியல அங்கிள். இதுங்கள்ல ஒண்ணுகூட மறக்கல" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொல்வார்.

சிங்கத்தைப் பற்றி யாராவது ஆவலாகக் கேட்டால் முகம் சுளிப்பார். "அது இருபது மணி நேரம் தூங்கும். அதைப் பாக்க எதுக்கு ஆப்பிரிக்கா? லீவு நாள்ல உங்க வீட்டு சோஃபாவைப் பாருங்க." கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லும்போது மட்டும் பெண்கள் பக்கம் திரும்பி நிதானமாகச் சொல்வார்.

தெருவில் எல்லோரும் மான்களை விரட்ட மருந்து தெளிக்கிறார்கள். இவரோ மான்கள் மேய்வதற்கென்றே கொல்லையில் ஹோஸ்டா செடி வளர்க்கிறார். எதிர்வீட்டுக் கிட்டுசாமி, தன் ரோஜாக்களைத் தின்றவை இவருடைய விருந்தாளிகள்தான் என்று என்னிடம் மூன்று முறை புகார் செய்திருக்கிறார்.

அந்த மான்களுக்கு முன்னால்தான் ஒத்திகை. ஆறு பேரும் மினிவேனில் அமர்ந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இருபது நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். தேறாதவருக்குப் பயணம் கிடையாது. கடிகாரம் பிடிப்பது என் வேலை. நான்கு ஆண்டுகளில் இருபத்து நான்கு பேர். முதல் முறை தோற்றவர்கள் ஒன்பது பேர். இந்த விதிக்குக் காரணம் உண்டு. ஐந்து வருடம் முன்பு, இருபதடி தூரத்தில் நின்ற யானையைப் பார்த்து ஒருவர், "மாப்ள, தந்தத்தைப் பாருடா!" என்று கூவிவிட்டார். ஜீப் முக்கால் மைல் பின்னோக்கியே ஓடியது.

இந்த ஆண்டுச் சிக்கல் ஷ்யாமளாவின் கணவர் சுந்தரராமன். மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் பார்க்கிறார். கார் ஓட்டும்போது ஒவ்வொரு எக்ஸிட் பலகையையும் உரக்கப் படிப்பவர். "தூக்கத்துலயும் படிப்பார் ஆன்ட்டி" என்பது ஷ்யாமளாவின் வாக்குமூலம். ஜூன் 6-ஆம் தேதி மூன்று நிமிடம் தாங்கினார். 13-ஆம் தேதி ஐந்து நிமிடம் பத்து விநாடி. 20-ஆம் தேதி சனிக்கிழமை, கடைசி வாய்ப்பு.

அன்று வேனில் ஏறுமுன் ஜலஜா என்னைச் சமையலறைக்கு அழைத்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அங்கிள், ஆறு பேர் இல்லன்னா அந்தக் குட்டி ப்ளேன் கிளம்பாது. ரெண்டு வாரத்துல வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? கவுன்ட்ல பத்தாவது வருஷம் ஓட்டை விழுந்துடும்."

"அப்போ விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கோயேன்."

"யானை தளர்த்திக்குமா?"

மாலை ஏழு ஐந்துக்குத் தொடங்கினோம். சுந்தரராமன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், வாய் கைகளில் இருப்பதுபோல. ஐந்து நிமிடம் பத்து விநாடியைத் தாண்டியபோது ஷ்யாமளா கண்களை மூடிக்கொண்டார். பத்தும் தாண்டியது. பதினொன்றே கால் நிமிடத்தில், வேலியோரம் ஒரு பெண் மான் வந்து நின்றது. அதன் பின்னால், வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு குட்டி.

சுந்தரராமனின் கழுத்து நீண்டது. காது சிவந்தது. ஷ்யாமளா அவர் முழங்காலில் கிள்ளினார். பயனில்லை.

"ஷ்யாமளா, ரெண்..."

தாய் மானின் காதுகள் நிமிர்ந்தன. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஜலஜா மெல்லத் திரும்பினார். வெளியேற்றப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சத்தமே இல்லாமல் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கமர்கட்டுகளை எடுத்தார். எட்டி, சுந்தரராமனின் திறந்த வாயில், இந்தக் கன்னத்துக்கு ஒன்று, அந்தக் கன்னத்துக்கு ஒன்று என்று அடக்கினார். பிறகு ஒற்றை விரலால் அவருடைய மோவாயை மேலே தள்ளி வாயைச் சாத்தினார்.