சிருசா ஜெயித்த சனிக்கிழமை

சிருசா எங்கள் ஊரான புக்காவுவை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. முந்தின இரவு மழையில் ரூசீசிப் பாலத்துக்கு இறங்கும் பாதை சேறாகிக் கிடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ருவாண்டா. அங்கிருந்து கம்பாலாவுக்குப் பேருந்து உண்டு. வழியனுப்ப எங்கள் ஆங்கிலக் கிளப்பிலிருந்து நான் மட்டும்தான் போயிருந்தேன். மற்றவர்களைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

"அங்க போய் என்ன செய்வீங்கண்ணே?"

"அங்க மீன் விக்கிறவகூட இங்கிலீஷ்லதான் திட்டுவாளாம். எனக்கு அது போதும், நபிந்து."

பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டம் படித்தவர். வேலை கிடைக்காததால் கடூட்டுச் சந்தை ஓரத்தில் ஒரு சூரியத் தகடை வைத்துக்கொண்டு போன்களுக்குச் சார்ஜ் போட்டுக்கொடுத்தார். எங்கள் ஊரில் படித்தவர்கள் பேசுவது பிரெஞ்சு. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களில் நல்ல வேலை எல்லாம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே போனது. சிருசா விடியற்காலை வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவர் சொல்லச் சொல்லக் கூடவே சொல்லிப் பழகினார். அப்படிக் கற்றதால், உப்பு கேட்டாலும் எங்கோ ஆட்சி கவிழ்ந்ததுபோல் ஒலிக்கும். கால்பந்து பற்றிப் பேசினால் வர்ணனையாளர் மாதிரி மூச்சு வாங்கும்.

"பிரசிடெண்ட், என் போனுக்குச் சார்ஜ் ஏறிச்சா? இல்ல அதுக்கும் இங்கிலீஷ் கத்துக்குடுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்பார்கள் சந்தைப் பெண்கள்.

"ஒன் போன் ஒன்னவிட வேகமாக் கத்துக்குது, தாயி."

பிரசிடெண்ட் என்பது கேலிப் பெயர் இல்லை. அவர் ஆரம்பித்த ஆங்கிலக் கிளப்புக்கு அவர்தான் தலைவர். சனிக்கிழமை மதியம் ஒரு ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் கூடுவோம். முதலில் வாரச் செய்தி, பிறகு கால்பந்து, கடைசியில் கருத்து. கருத்துக்கு மட்டும் ஒரு தொப்பியில் சீட்டுப் போடுவார்கள்: ஆதரவு, எதிர்ப்பு. கையில் எது வருகிறதோ அதைச் சொந்தக் கருத்துபோல் பேச வேண்டும். கலியாணத்துக்குப் பெண் வீட்டார் மாடு கேட்பதை ஒழிக்க வேண்டும் என்று ஒரு வாரம் கண்ணீர்விடப் பேசிய சிருசா, அடுத்த வாரம் மாட்டை இரண்டாக்க வேண்டும் என்று மேசையைத் தட்டினார். கதவைத் தாண்டியதும் யாரும் அதைப் பற்றிக் கேட்கமாட்டோம். அது எங்களுக்குள் இருந்த மரியாதை.

மலையில் தண்ணீர்க் குழாய் போடும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். மாரிட் என்ற டச்சுப் பெண் ஆள் பார்க்கக் கிளப்புக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினாள். சிருசா கடன் வாங்கிய கோட்டில் வந்தார். அந்த வேலை தன்னைத் தேடித்தான் வருகிறது என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

விருந்தாளி வந்தால் இருப்பதிலேயே சூடான தலைப்பைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆறிப்போன தலைப்பு கொடுத்தால் அவமதிப்பு. அதனால் அன்றைய தலைப்பு: 'வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.' சிருசாவுக்கு ஆதரவுச் சீட்டு வந்தது. கிளப்பின் இன்னொரு உறுப்பினன் முகிஷோவுக்கு எதிர்ப்பு.

சிருசா எழுந்து மாரிட்டுக்குத் தலைவணங்கினார்.

"எங்க ஏரியில தண்ணி இல்லையா? நீங்க வர்றதுக்கு முன்னால நாங்க தாகத்துலயா செத்தோம்? குழந்தை குடிக்கிறதுக்கு முன்னால படம் எடுக்கிறீங்க. படம் சரியா வரலன்னா குழந்தைய மறுபடி குடிக்கச் சொல்றீங்க. உங்க வண்டி கழுவுற தண்ணி எங்க தெருவுக்கு வந்திருந்தா, இந்நேரம் உங்க வேலை முடிஞ்சிருக்கும். வேலை முடியக் கூடாதுன்னுதானே இருக்கீங்க?"

பெஞ்சுகள் அதிர்ந்தன. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாரிட் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டாள். அடுத்து முகிஷோ பாதி பிரெஞ்சைக் கலந்து, "இவங்க நல்லவங்க. தண்ணி நல்லது. நன்றி," என்று சொல்லி உட்கார்ந்தான். எல்லோரும் சிருசாவுக்குக் கை தூக்கினோம். வென்றவருக்கான பரிசு, சூடாகிப்போன ஒரு புட்டி சோடா. அதை அவர் மாரிட்டுக்கே நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள்.

அவளுடைய முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டி வரைக்கும் கூடவே போனேன்.

"அது அவரோட கருத்து இல்லைங்க. சீட்டுல வந்தது. போன வருஷம் அவர் அக்காவுக்கு வாந்திபேதி வந்தப்ப உங்க குழாய்த் தண்ணிதான் காப்பாத்துச்சு. அவரே ஊரெல்லாம் சொல்லுவார்."

"நம்பாத ஒண்ண யாராலயும் அப்படிப் பேச முடியாதும்மா," என்றாள் மாரிட். கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள்.

வேலை முகிஷோவுக்குப் போனது.

அடுத்த வாரமே சிருசா அந்த அலுவலகத்துக்குப் போனார். காவலாளி கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று, நிறுவனங்கள் ஏன் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் உரக்கப் பேசினாராம். சனிக்கிழமை பேசியதைவிட நல்ல பேச்சு என்று முகிஷோவே என்னிடம் சொன்னான். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான்.

"நீ வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எந்தப் பக்கம் நின்னு சொல்றது, நபிந்து?"

அதற்குப் பிறகு சந்தையில் குடித்தவர்கள் எல்லாம், "பிரசிடெண்ட், அந்தக் குழந்தை படத்தைச் சொல்லுங்க," என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் மறுத்தார். பிறகு சொன்னார். கொஞ்ச நாளில் யாரும் கேட்காமலே சொன்னார். அவர் குரலில் இப்போது செய்தி வாசிப்பவர் இல்லை. அக்கா வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார். மழைக்காலம் தொடங்கியதும் சூரியத் தகடை விற்றுவிட்டுக் கிளம்பினார்.

நானும் பிறகு கிளம்பினேன். நைரோபி, டர்பன், மபுடோ என்று பல வருடம் சுற்றிவிட்டு இந்த ஆண்டுதான் ஊருக்கு வந்தேன். கிளப் கூடிய வகுப்பறைக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் கம்பாலாவிலிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு எப்போதும் ஆங்கிலத்திலேயே எழுதும் சிருசா இதை எங்கள் ஊர்ப் பேச்சான சுவாஹிலியில் எழுதியிருந்தார்.

"நபிந்து, நல்லா இருக்கேன். ஒரு பெரிய வீட்டு வாசல்ல காவல் வேலை. கேட்டைத் திறக்கணும், மூடணும். நேத்து முதலாளி கார் கண்ணாடிய இறக்கி, மேட்ச் பாத்தியான்னு கேட்டார். பாத்தேன்னேன். யாரு ஜெயிச்சான்னார். சொன்னேன். கண்ணாடிய ஏத்திக்கிட்டார். எப்படி ஆடினாங்கன்னு கேப்பாருன்னு கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."